எதைப் போட்டாலும் 240 கிராமா?

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி. தீபாவளிக்கு இன்னும் 4 நாள். சட்டி நிறைய, நெய்யுருண்டைக்கு வறுத்தரைத்த பாசிப்பயறு மாவு. பிடித்தால் உருண்டை, கையைத் திறந்தால் மணல்.

இன்னும் கொஞ்சம் நெய் ஊற்று என்பீர்கள். இருந்தால் ஊற்றியிருக்க மாட்டேனா? மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் அந்த நேரத்தில் எந்தச் சாமான் கடை எனக்காகத் திறந்திருக்கும்?

குறிப்பு என்னவோ எளிதுதான். இரண்டு கப் மாவு, ஒரு கப் பொடித்த சீனி, அரை கப் உருக்கிய நெய். ஆனால் எந்தக் கப்? சோற்றுப் பானையோடு வந்த கப் 180 மில்லி. கேக் சாமான்களோடு வாங்கியது 250. அமெரிக்கக்காரர்களின் கப் ஏறக்குறைய 237. இந்தச் சண்டையே வேண்டாமென்றுதான் காசு கொடுத்துத் தராசு வாங்கினேன். கைப்பேசியில் தேடினால் ஓர் அட்டவணை பெருமையோடு சொல்கிறது: ஒரு கப் என்றால் 240 கிராம். மாவுக்கும் அதே, சீனிக்கும் அதே, ரவைக்கும் அதே. அட புண்ணியவான்களே, அது தண்ணீரின் கணக்கு! ஒரு மில்லி ஒரு கிராமாக இருப்பது தண்ணீருக்குத்தான். மாவு என்ன குழாயிலா வருகிறது?

நானும் நம்பி 480 கிராம் மாவையும் 240 கிராம் சீனிப்பொடியையும் நிறுத்துக் கொட்டினேன். நெய்யை மட்டும் கப்பில் ஊற்றினேன். எல்லாம் பாழான பிறகு, ஆத்திரத்தில், 250 மில்லி கப்பில் அதே மாவைக் கரண்டியால் அள்ளிப் போட்டு நிறுத்தேன். 124 கிராம். கப்பை மேசையில் நாலு தட்டுத் தட்டி மறுபடி நிரப்பினேன். 151. ஒரே மாவு, ஒரே கப், ஒரே கை! ஆக நான் போட்டது இரண்டு கப் அல்ல, கிட்டத்தட்ட நான்கு. நெய் மட்டும் அதே அரை கப்.

பாட்டியிடம் தராசே கிடையாது. காலியான பால் டின்தான் அளவு. மாவும் அதில், சீனியும் அதில், நெய்யும் அதில். எல்லாவற்றையும் ஒரே டின்னில் அளந்ததால் பொருத்தம் தவறவே இல்லை. பாதியைத் தராசிலும் பாதியைக் கப்பிலும் அளக்கும் கோமாளித்தனம் என் காலத்தில் வந்தது.

இத்தனைக்கும் பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். வாளி நிறைந்திருக்கிறது என்று தோட்டத்தில் யாரும் கூலி போட்டுவிடவில்லை. தோட்டத்துக் கணக்கரான கிராணி ரப்பர் பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற அளவுமிதவையை அதில் மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பிறகே கணக்கெழுதுவார். அளவு வேறு, எடை வேறு என்பது பால் நிறுக்கும் ஸ்டோரில் வரிசை பிடித்து நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். அட்டவணை போட்டவருக்குத்தான் தெரியவில்லை.

மறுநாள் காலை இன்னொரு டின் நெய் வாங்கி, இன்னோர் அரை கப் உருக்கி ஊற்றிப் பிடித்தேன். முப்பது உருண்டைக்குத் திட்டமிட்டவள், இப்போது அறுபதோடு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "பதமாக வந்திருக்கிறதே, எத்தனை கப் மாவு போட்டாய்?" என்று கேட்கிறார்.