வால்டர் காஃப்மன், 'யாரோ ஒரு வெள்ளைக்காரர்' இல்லை

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். அகில இந்திய வானொலியில் காலை ஒலிபரப்பு தொடங்கும்போது வரும் அந்த அடையாள இசையை ஒலிக்கவிட்டார்கள். "இது யாரோ ஒரு வெள்ளைக்காரர் மெட்டுப் போட்டது" என்று சிரித்தபடி பேச்சாளர் அடுத்த பாட்டுக்குத் தாவினார். மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

யாரோ இல்லைங்க. பெயர் வால்டர் காஃப்மன். இன்றைய செக் நாட்டிலிருக்கும் கார்ல்ஸ்பாடில் 1907இல் பிறந்த யூதர். பிராகில் ஆய்வை முடித்தும், வழிகாட்டிப் பேராசிரியர் நாஜிப் பக்கம் என்பதால் முனைவர் பட்டமே வேண்டாம் என்று உதறியவர். 1934இல் பம்பாய் வந்தார். நம் இசை முதலில் அவருக்குப் பிடிபடவே இல்லை. இத்தனை பேர் நேசிக்கும் இசை தனக்குப் புரியவில்லை என்றால் தப்பு தன்னிடம்தான் என்று உட்கார்ந்து படித்தார். அவரையா 'யாரோ' என்பது?

எங்கள் அப்பா கும்பகோணம் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். ரேடியோவில் அந்தத் தம்புராவும் வயலினும் கேட்ட பிறகுதான் பாய்லரைப் பற்றவைப்பார். அது சிவரஞ்சனி ராகம் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது. "அழுவுற மாதிரி இருக்குடா, ஆனா எழுப்பி உட்டுடுது" என்பார்.

சிவரஞ்சனி நம்ம ராகம்தானே, அவர் என்ன கிழித்தார் என்பீர்கள். ராகம் எல்லோருக்கும்தான் இருந்தது, அதில் மெட்டுப் போட்டது அவர். அதை வேறொருவர் போட்டார் என்றும் சிலர் சொல்கிறார்கள். சரி, அந்த மெட்டையே கணக்கில் சேர்க்க வேண்டாம். பம்பாயில் சேம்பர் இசைக்கு, அதாவது சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய இசைக்கு, ஒரு சங்கம் தொடங்கி வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தாவோடு கச்சேரி நடத்தியது? பம்பாய் வானொலியில் 1937லிருந்து 1946 வரை உழைத்தது? 1948இல் கனடாவின் வின்னிபெக் சிம்பொனி இசைக்குழுவுக்கு முதல் இசை இயக்குநர் ஆனது? பிறகு அமெரிக்காவில் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே, இந்தியாவை விட்டுப்போய் முப்பது வருஷம் கழித்து, 1976இல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் கொண்டுவந்தாரே, அது? நம் ராகங்களுக்கு. அவருக்கு என்ன தலையெழுத்து?

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்காதீர்கள். நான் இந்த பம்பாய்க்கு வந்து 28 வருஷம். மராத்தியில் சண்டையே போடுவேன். இன்னமும் கீழ்வீட்டுக்காரருக்கு நான் 'மதராசி'தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அன்று அரங்கில் எல்லோரும் சிரித்தபோது எனக்கு அந்தக் கீழ்வீட்டுக்காரர் முகம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த மாசக் கூட்டத்திலும் அந்த இசையைப் போடுவீர்கள். பெயரையும் சொல்லுங்கள் ஐயா. வால்டர் காஃப்மன்.