அழியப்போவது எல்லா ஆவணங்களும் அல்ல

“பூர்வகுடி உறைவிடப் பள்ளி ஆவணங்கள் அனைத்தையும் அழிக்கச் சொல்லி, கனடா அரசு தன் உச்ச நீதிமன்றத்தின் மூலம் வரலாற்றை மறைத்துவிட்டது” என்று ஒரு பதிவர் எழுதியிருப்பதில் பாதிகூட உண்மையில்லை. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தங்கவைத்துப் படிப்பித்த பள்ளிகள் அவை; அங்கே பலர் கொடுமைக்கு உள்ளானார்கள். 2017 அக்டோபர் தீர்ப்பு, அப்பள்ளிகளில் படித்தவர்களுக்காக 2007இல் நடைமுறைக்கு வந்த இழப்பீட்டு உடன்படிக்கையின்படி, தாம் பட்ட கொடுமைகளுக்கு இழப்பீடு கோரியவர்கள் மூடிய அறையில் அளித்த வாக்குமூலங்களையும் அவற்றோடு சேர்ந்த மருத்துவக் குறிப்பு போன்ற தாள்களையும் மட்டுமே பற்றியது. ரகசியம் காக்கப்படும் என்று நம்பிப் பேசியவர்கள் அவர்கள். அந்தக் கோப்புகளில் கொடுமை செய்தவரின் பெயரோடு, உடன் படித்த வேறு பிள்ளைகள் பட்டதும் பதிவாகியிருக்கக்கூடும், சிறிய ஊரில் அது யாரென்று ஊகிக்க வெகுநேரம் ஆகாது. இவை அரசு ஆவணங்கள், அழிக்கக் கூடாது என்று வாதாடித் தோற்றதே கனடா அரசுதான் என்பதையும் பதிவர் கவனிக்கவில்லை.

2027 செப்டம்பருக்குள் விருப்பம் தெரிவித்தால், தம் கோப்பை வின்னிபெக்கில் உள்ள உண்மை மற்றும் நல்லிணக்கத்துக்கான தேசிய மையத்தில் ஒருவர் பாதுகாக்கச் செய்யலாம், தெரிவிக்காதவர்களுடையவைதாம் அழிக்கப்படும். இப்பள்ளிகளின் வரலாற்றை ஆராய அமைக்கப்பட்ட உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் திரட்டிய ஆயிரக்கணக்கான சாட்சியங்களும் பள்ளிப் பதிவேடுகளும் அதே மையத்தில் இருக்கின்றன. அவற்றை இத்தீர்ப்பு தொடவில்லை.

குறை சொல்வதென்றால், இப்படியொரு தெரிவு இருப்பதை அறியாமலே இறந்துபோனவர்களின் கோப்புகளைப் பற்றிச் சொல்லலாம். அந்த வருத்தம் நியாயமானது.