முதலில் மார்க் போடுங்கோ, பிறகு நாடி பிடியுங்கோ

வெள்ளவத்தையில் ஜிம்முக்குப் போற இருபது வயதுப் பெடியனிட்ட ஃபிட்னஸ் எப்படி என்று கேட்டால், பெஞ்ச் பிரஸ் எத்தனை கிலோ என்று சொல்லுவான். ஒல்லிப் பெடியன் என்றால், "எனக்கென்ன, தொப்பையே இல்லையே" என்பான். ரெண்டு பேரும் கண்ணாடியைப் பார்த்துத்தான் பதில் சொல்லுகினம். மெரைன் டிரைவில் தினமும் வேகமாக நடக்கிற, கொஞ்சம் உடம்பான பிள்ளையோ தன்னைத் தேவையில்லாமல் குறைச்சு மதிப்பிடும்.

பலத்தை ஓரளவு சரியாகச் சொல்லுவினம், ஏனென்றால் டம்பெல்லில் இலக்கம் எழுதியிருக்கு. மூச்சுப் பலத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. லிஃப்டும் த்ரீவீலும் இருக்கிற கொழும்பில் அதைச் சோதிக்கிற சந்தர்ப்பமும் குறைவு. அதனால் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடின காலத்தை வைச்சே இன்றைக்கும் கணக்குப் போடுகினம். பயிற்சியை விட்டு ரெண்டு மூன்று கிழமையிலேயே அந்தத் தாக்குப்பிடிப்பு இறங்கத் தொடங்கிவிடும்.

ஒரு துண்டில் உங்கட மூச்சுப் பலத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று நீங்களே மார்க் போட்டு மடிச்சு வையுங்கோ. பிறகு 30 சென்ரிமீற்றர் உயரப் பெட்டி ஒன்று. ஃபோன் மெட்ரோனோமை (தாளம் தட்டுற அப்) நிமிடத்துக்கு 96 தட்டில் வைச்சு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கால்: ஏறு, ஏறு, இறங்கு, இறங்கு. 3 நிமிடம். முடிஞ்ச உடனே உட்கார்ந்து, 5 செக்கனுக்குள் நாடியைப் பிடிச்சு ஒரு முழு நிமிடம் எண்ணுங்கோ. 18–25 வயது ஆணுக்கு நூறைச் சுற்றி வந்தால் நடுத்தரம், பெண்ணுக்கு 110ஐக் கொஞ்சம் தாண்டலாம்; குறைய வந்தால் அதைவிட நல்லம். (இதய வருத்தம், வீசிங் இருந்தால் டொக்டரிடம் கேட்காமல் ஏறாதேங்கோ.)

பிழை விடுறது எண்ணுற இடத்தில்தான். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கினால் கணக்கு ஏறும், ஏனென்றால் அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே துடிப்பு இறங்கிக்கொண்டு போகும். தண்ணி குடிச்சிட்டு ஆறுதலாக எண்ணினால் பொய்யாகக் குறையும். பெருவிரலால் பிடிச்சால் அதன் துடிப்பே குழப்பும். ஃபிளாட் படிக்கட்டும் சரிவராது: ஒரு படி உயரம் காணாது, ரெண்டு படி கூடிப்போகும்.

ஓடிப் பார்க்கிறவைக்கு 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று பார்க்கிற கூப்பர் சோதனை இருக்கு, 1968இல் வந்தது. 400 மீற்றர் ட்ராக்கில் ஆறு ரவுண்ட், அதாவது 2400 மீற்றர், இருபதுகளில் இருக்கிற ஆணுக்கு நல்ல ஓட்டம். ரவுண்டுக்கு 2 நிமிடம் போதும். தன்னை ஃபிட் என்று நம்புறவன் முதல் ரவுண்டை 80 செக்கனில் முடிச்சிட்டு நாலாவதில் நடப்பான்.

எதைச் செய்தாலும் காலை ஏழு மணிக்கு முன்னம், பிளேன்டீக்கும் முன்னம். கொழும்பு மத்தியான வெக்கையே துடிப்பை ஏத்திவிடும். ஆறு கிழமை கழிச்சு அதே பெட்டியில், அதே நேரத்தில் திரும்ப ஏறுங்கோ, புதுத் துண்டில் புது மார்க் போட்டுவிட்டு.