ஒப்பந்த ஊழியருக்கும் பேறுகால விடுப்பு உண்டு

“ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண்களுக்குப் பேறுகால விடுப்பு கிடையாது, கர்ப்பம் என்றால் நின்றுகொள்ள வேண்டியதுதான்.” ராயபுரம், தண்டையார்பேட்டை பகுதி மருத்துவமனைகளின் துப்புரவு, வார்டு ஊழியர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது. முழுப் பொய்.

1961ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் சட்டம், நிரந்தரம், ஒப்பந்தம் என்று பெண்களைப் பிரிக்கவில்லை. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். 2017 திருத்தத்தின்படி 26 வாரம், சம்பளத்தோடு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். இந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதேதான். டெல்லி மாநகராட்சியின் தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. விடுப்பில் இருப்பவரை அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதும் சட்டவிரோதம்.

சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று 0.75 சதவீதம், அதாவது 12,000 ரூபாய்க்கு 90 ரூபாய், பிடித்திருக்கிறார்களா? அப்படியானால் பேறுகாலப் பணத்தைத் தருவது இஎஸ்ஐ நிறுவனம். ஒப்பந்ததாரர் கையை எதிர்பார்க்க வேண்டியதே இல்லை. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாள் பங்களிப்பு தேவை. ஒப்பந்ததாரர் மாறினாலும் காப்பீட்டு எண் மாறாது. பழைய நாட்களும் கணக்கில் வரும். புதிய ஒப்பந்ததாரர் புது எண் போட்டுவிட்டால்தான் சிக்கல். பழைய எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பிடித்துக்கொண்டு இஎஸ்ஐயில் கட்டாத ஒப்பந்ததாரர்கள்மீது இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.