38 பேர் வேடிக்கை பார்த்தார்களா?

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உளவியல் படிக்கும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில், தேர்வுக் குறிப்பு ஒன்று சுற்றிவருகிறது: "1964இல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டதை 38 பேர் சன்னலோரம் நின்று பார்த்தனர், ஒருவரும் உதவவில்லை." இது தவறு.

அந்த எண் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பரப்பியது; தன் பழைய செய்தியில் பிழைகள் இருந்ததை அதே நாளிதழ் 2016இல் ஒப்புக்கொண்டது. தாக்குதல் இருமுறை நடந்தது. முதல் முறை, ஒருவர் சன்னலிலிருந்து சத்தம் போட்டு அதட்டியதும் கொலையாளி விலகினான். இரண்டாவது, கட்டடத்தின் பின்புறப் படிக்கட்டடியில், பெரும்பாலோர் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நிகழ்ந்தது. கொலையாளி அங்கேயே இருக்கிறானா என்றுகூடத் தெரியாமல் ஓடிவந்த அண்டைவீட்டுப் பெண் சோபியா ஃபாரர், ஆம்புலன்ஸ் வரும்வரை கிட்டியைத் தம் கைகளில் ஏந்தியிருந்தார். அவரையே இந்தக் குறிப்பு அழித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

ஆனால் இந்தக் கதை சான்றாகக் காட்டப்படும் பார்வையாளர் விளைவு, அதாவது உடன் பலர் இருக்கும்போது ஒருவர் உதவ முன்வரும் வாய்ப்பு குறைகிறது என்ற கருத்து, பொய்யன்று. உளவியலாளர்கள் டார்லியும் லட்டானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வில், இன்டர்காம் வழியே ஒருவர் வலிப்பில் தவிப்பதைக் கேட்டவர்களுள், தாம் மட்டுமே கேட்பதாக நம்பியோரில் 85 விழுக்காட்டினர் அவர் பேச்சு அடங்குமுன் உதவி தேடினர். மேலும் நால்வர் கேட்பதாக நம்பியோரிடம் அது 31 விழுக்காடாகச் சரிந்தது. அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். பலரும் கை நடுங்க, பதற்றத்தோடு காணப்பட்டனர். பொறுப்பு பலரிடம் பரவியதே காரணம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். விடைத்தாளில் சான்றாக எழுத வேண்டியது இந்தச் சோதனையை, அந்த 38ஐ அன்று.