யானை மேல் வந்த தண்ணீர்

பௌத்தர்களின் விசாக தினத்துக்கு முந்தின ஞாயிறு. லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். எழுபதைத் தாண்டியவர். வாளியைச் செய்தித்தாளால் மூடியிருந்தார். உள்ளே எதுவோ பிளாஸ்டிக்கைக் கீறிக்கொண்டே இருந்தது.

காகிதத்தை விலக்கிக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் நான்கு ஆமைகள். காதோரம் சிவப்புப் பட்டை. ஒன்று மற்றொன்றின் முதுகில் ஏறி, வழுக்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது. "மகனுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். நீர்த்தேக்கத்துல விடணும். கனமா இருக்கு, கூட வர்றியா?"

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான்: பிடிபட்ட உயிர்களை வாங்கி விடுவித்தால் புண்ணியம் என்ற நம்பிக்கை. ஒவ்வொரு வருஷமும் விசாகத்தை ஒட்டித் தேசிய பூங்காக் கழகம் 'ஆப்பரேஷன் நோ ரிலீஸ்' என்று, விலங்குகளை வெளியே கொண்டுபோய் விடாதீர்கள் எனப் பிரசாரம் செய்கிறது. மீறி விட்டால் முதல் தடவைக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். நான் அபராதத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மகனின் ஆபரேஷனுக்காகப் பயந்து நிற்கும் ஒரு தாயிடம் எப்படிச் சட்டம் பேசுவது? வாளியை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

சிரிக்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. ஊரில் கோயில் வாசலில் அகத்திக்கீரைக் கட்டு விற்கும் அம்மாவுக்குப் பக்கத்திலேயே மாடும் கட்டியிருக்கும். காசு கொடுத்தால் கீரை, கீரை கொடுத்தால் புண்ணியம். சாயங்காலம் வரைக்கும் அந்த மாடு எத்தனை பேர் பாவத்தைத் தின்று தீர்க்க வேண்டும் என்று நாம் யாரும் கேட்டதில்லை.

உயிர்களை விடுவிக்கும் இந்த வழக்கத்துக்குச் சீன பௌத்தர்கள் காட்டும் பெரிய ஆதாரம் சுவர்ணப்பிரபாச சூத்திரம் என்ற பௌத்த நூலில் வரும் கதை. ஜலவாகனன் ஒரு வைத்தியர் மகன். காட்டில் வற்றிக்கொண்டிருக்கும் குளம் ஒன்றில் 10,000 மீன்கள் தவிப்பதைப் பார்க்கிறான். முதலில் மரத்தில் ஏறிக் கிளைகளை ஒடித்து நிழல் போடுகிறான். அப்புறம் ராஜாவிடம் ஓடி 20 யானைகளைக் கேட்டு வாங்கி, தோல்பைகளில் ஆற்றுத் தண்ணீரை ஏற்றிக்கொண்டு வந்து குளத்தில் கொட்டுகிறான். அதுவும் போதாதென்று வீட்டிலிருந்து உணவு வரவழைத்து மீன்களுக்குப் போடுகிறான்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவன் ஒரு மீனைக்கூடக் கையால் தொடவில்லை. மீன் இருந்த இடத்துக்குத் தண்ணீர் போனது. நாம் செய்வது தலைகீழ். எங்கோ நிம்மதியாக இருந்ததைப் பிடிக்கச் சொல்லி, கூண்டில் அடைக்கச் சொல்லி, காசு கொடுத்து வாங்கி, அதற்குப் பழக்கமே இல்லாத தண்ணீரில் விட்டுவிட்டுக் கும்பிடுகிறோம்.

இதையெல்லாம் அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். லியெட்சு என்ற பழைய சீன நூலில் ஒரு சின்னக் கதை. புத்தாண்டு அன்று ஒரு பிரபுவுக்கு ஜனங்கள் புறாக்களைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அவர் பரிசு கொடுத்துவிட்டுப் புறாக்களைப் பறக்கவிடுகிறார். விருந்தாளி ஒருவர் சொல்கிறார்: நீங்கள் விடுவீர்கள் என்று தெரிந்துதான் போட்டி போட்டுப் பிடிக்கிறார்கள், அதில் சாவது அதிகம். உயிரோடு இருக்க வேண்டுமென்றால் பிடிக்காதே என்று உத்தரவு போடுங்கள். இன்றைக்கு பாங்காக்கிலும் புனோம் பென்னிலும் சின்னக் கூண்டுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் சில்லைகளையும் குருவிகளையும் பார்த்தால் அந்த விருந்தாளி என்ன சொல்வாரோ.

2015இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கடலில் இரண்டு பௌத்தர்கள் நூற்றுக்கணக்கான சிங்கி இறால்களையும் நண்டுகளையும் புண்ணியத்துக்காக விட்டார்கள். அந்தக் கடலுக்கே சம்பந்தமில்லாத வகைகள். உள்ளூர் இனங்களுக்கு ஆபத்து என்று மீனவர்களைக் கொண்டு திரும்பப் பிடிக்க வேண்டியதாயிற்று. 2017இல் நீதிமன்றம் இருவரையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 15,000 பவுண்டு கட்டச் சொன்னது.

அப்படியானால் மிருகத்துக்குச் செய்வது புண்ணியமே இல்லையா? உண்டு. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் அவர் கணக்கே சொல்கிறார்: விலங்குக்குக் கொடுத்தால் நூறு மடங்கு, ஒழுக்கமில்லாத மனிதனுக்குக் கொடுத்தால் ஆயிரம் மடங்கு என்று ஏறிக்கொண்டே போகும். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தப் பட்டியல் ஒட்டவில்லை. வட்டிக் கடை வாடை அடிக்கிறது. மனதில் நிற்பது அங்குத்தர நிகாயம் என்ற இன்னொரு தொகுப்பில் வச்சன் என்பவரிடம் புத்தர் சொன்ன இன்னொன்று. பாத்திரம் கழுவின தண்ணீரைச் சாக்கடையிலோ குட்டையிலோ ஊற்றும்போது, இதில் இருக்கும் ஜீவன்கள் தின்று பிழைக்கட்டும் என்று நினைத்து ஊற்றினால் அதுவும் புண்ணியம்தான் என்கிறார். காசில்லை, கூண்டில்லை. எப்படியும் கொட்டப்போகிற தண்ணீர்.

இதற்கு எதிர்ப்பக்கம் நம்முடைய மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். வேள்விக்காகக் கொம்பில் மாலை சுற்றிக் கட்டிவைத்த பசுவை ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனவன். பிடித்து அடித்தார்கள். வளர்த்த தகப்பனும் கைவிட்டார். 'ஆ கவர் கள்வன்' என்று பட்டம் கட்டி, அவனுடைய பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். அவன் அந்தப் பசுவை விலைக்கு வாங்கவில்லை. விலையைத் தன் உடம்பால் கொடுத்தான். புண்ணியம் சேர்க்க வேண்டும் என்று அவன் யோசித்ததாகவே சாத்தனார் காட்டவில்லை.

ஆன்ட்டியிடம் ஆபுத்திரனைப் பற்றிப் பேசவில்லை. கீழே பெஞ்சில் உட்கார்ந்து ஜலவாகனன் கதையை எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். யானைக்கு மலாயில் காஜா என்பது நல்லவேளையாக நினைவுக்கு வந்தது. அவருக்கு அந்தக் கதை ஏற்கெனவே தெரியும். சாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறார். "அப்ப தண்ணிதான் கொண்டுபோகணும்" என்றார், கொஞ்ச நேரம் கழித்து. பிறகு வாளியைப் பார்த்துவிட்டு, "இதுங்களை என்ன பண்றது?" என்றார்.

வளர்க்கத்தான் வேண்டும். இந்த வகை ஆமையை வீட்டில் வைத்துக்கொள்ள இங்கே தடையில்லை. ஆபரேஷன் முடிந்து மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆமைகள் காரிடாரில் ஒரு பெரிய தொட்டியில் இருக்கின்றன. நாற்றம் என் வாசல் வரைக்கும் வருகிறது. ஆன்ட்டி மகனோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தீனி போட்டதும் தண்ணீர் மாற்றியதும் நான்தான்.

இந்த ஆமை முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும். விற்ற கடைக்காரர் அதை ஆன்ட்டியிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் இன்னும் சொல்லவில்லை.