சிலந்தி நம்மைத் தேடி வந்து கடிப்பதில்லை

"உலகின் மிக ஆக்ரோஷமான சிலந்திகள், பார்த்தவுடன் பாய்ந்து கடிக்கும்" என்று ஒரு வீடியோ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்கு வீவக (சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடி) வீட்டுச் சுவரில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் சிலந்திக்கெல்லாம் மருந்தடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், பிள்ளைகள் கழிவறைக்குப் போகவே பயப்படுகிறார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

ஆபத்தான சிலந்தியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் சிட்னி ஃபனல்வெப் சிலந்தி ஆளைக் கொல்லக்கூடியதுதான். 1927 முதல் 1981 வரை அந்த வகைச் சிலந்தி கடித்து 13 பேர் இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அதில் ஆண் சிலந்தியின் விஷம்தான் கொடியது. வெயில் காலத்தில் அது பெண் சிலந்தியைத் தேடி வளையை விட்டு வெளியே அலையும், அப்போதுதான் வீட்டுக்குள் வந்து ஷூவிலோ தரையில் கிடக்கும் துணியிலோ புகுந்துகொள்ளும். சீண்டினால் முன்கால்களைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து விஷப்பல்லைக் காட்டும். வீடியோக்காரர்கள் "தாக்குகிறது" என்று காட்டுவது இதைத்தான். கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு குச்சியின் நுனி அந்தக் காட்சியில் தெரியும்.

அந்த விஷத்தில் இன்னொரு விஷயம். நம்மையும் குரங்குகளையும் அது கடுமையாகப் பாதிக்கிறது, நாய் பூனைகள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. அலைந்து திரியும்போது தன்னைத் தின்ன வரும் விலங்குகளிடமிருந்து தப்பிக்கத்தான் ஆண் சிலந்திக்கு அந்த விஷம் உருவானது என்றும், மனித நரம்பை அது இவ்வளவு மோசமாகத் தாக்குவது தற்செயல் என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம்மைக் கொல்ல அதற்கு ஒரு காரணமும் இல்லை.

1981-இல் மெல்பர்னில் ஸ்ட்ரூவன் சதர்லண்ட் என்ற மருத்துவரின் குழு அதற்கு முறிவு மருந்து கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு ஃபனல்வெப் கடித்து யாரும் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. அந்த மருந்துக்கான விஷத்தை சிட்னிக்கு வடக்கே இருக்கும் ஆஸ்திரேலியன் ரெப்டைல் பார்க்கில் எடுக்கிறார்கள், அதற்கான சிலந்திகளில் நிறைய, பொதுமக்கள் ஜாடியில் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பவை! குழுவில் ஃபார்வர்டு செய்யவேண்டிய செய்தி இதுதானே?

என் அக்கா மகள் சிட்னிக்குப் படிக்கப் போகிறாள். அந்த வீடியோவால் அக்கா தூக்கம் இல்லாமல் இருக்கிறார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். ஷூவை உதறிவிட்டுப் போடவேண்டும், துணியைத் தரையில் போடக்கூடாது. ஃபனல்வெப் கடித்தால் கடிபட்ட கை அல்லது கால் முழுவதும் இறுக்கமாகக் கட்டுப் போட்டு, அசையாமல் இருந்து, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடவேண்டும். அங்கே இருக்கும் இன்னொரு விஷச் சிலந்தியான ரெட்பேக் என்றால் முறையே வேறு, கட்டுப் போடக்கூடாது, ஐஸ் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும். ரெட்பேக்குக்கு 1956-லிருந்தே முறிவு மருந்து இருக்கிறது. பிள்ளைகளை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான்.

அப்புறம் பிரேசிலின் அலையும் சிலந்தி. ஆபத்தான சிலந்திகளின் பட்டியல்களில் அடிக்கடி முதலிடத்தில் வருவது அதுதான். பகலில் ஷூவிலும் கட்டைகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், கை பட்டால் கடிக்கும், வலி பயங்கரமாக இருக்கும். ஆனால் கடிபட்டவர்களில் பெரும்பாலானோருக்கு வலிக்கான சிகிச்சையே போதும், முறிவு மருந்து தேவைப்படுவது மிகச் சிலருக்குத்தான், அவர்களில் குழந்தைகள்தான் அதிகம்.

அமெரிக்காவின் பிரவுன் ரெக்லூஸ் என்ற விஷச் சிலந்தியைப் பற்றிப் படித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கன்சாஸில் ஒரு குடும்பம் குடியிருந்த வீட்டில் ஆறு மாதத்தில் 2,055 ரெக்லூஸ் சிலந்திகளைப் பிடித்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவரைக்கூட அவை கடிக்கவில்லை. அந்தச் சிலந்தியே இல்லாத மாநிலங்களில்கூட புண் வந்தால் "ரெக்லூஸ் கடி" என்று மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள், பல சமயம் அது பாக்டீரியா தொற்று. நம் வீடுகளிலும் இதே கதைதான். காலையில் எழுந்ததும் தோலில் கொப்புளம் இருந்தால் "எட்டுக்கால் பூச்சி கடிச்சிருக்கும்" என்போம். கடித்ததை யாராவது பார்த்தோமா?

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். நம் சமையலறைச் சுவரில் உள்ளங்கை அளவுக்குக் கால் விரித்து உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஹன்ட்ஸ்மன் என்ற சிலந்தி. அது கரப்பான் பூச்சியைத் தின்னும், நம்மைக் கண்டால் ஓடும். புதர் இலைகளுக்கு இடையில் இருக்கும் சண்டைச் சிலந்தியைக் கம்பத்துக் காலத்தில் (அடுக்குமாடிகளுக்கு முன் கிராமங்களில் வாழ்ந்த காலத்தில்) பிள்ளைகள் பிடித்துத் தீப்பெட்டியில் வைத்துக்கொண்டு திரிவார்கள். என் மாமா அப்படி வளர்ந்தவர். அந்த ஆண் சிலந்திகள் ஒன்றையொன்று பார்த்தால் சண்டை போடுமே தவிர, பிடித்த பிள்ளைகளை ஒன்றும் செய்ததில்லை. இந்தத் தீவில் நாம் உண்மையில் பயப்படவேண்டிய பூச்சி ஏடிஸ் கொசு. 2020-இல் மட்டும் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. பூச்சாடித் தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும், அதை விட்டுவிட்டுச் சிலந்தியைத் துரத்துகிறோம்.

திருவானைக்காவல் கதை நமக்கெல்லாம் தெரியும். சிவலிங்கத்தின்மேல் சருகு விழாமல் சிலந்தி வலை கட்டுகிறது, யானை அதைத் தினமும் கலைக்கிறது, கடைசியில்தான் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்கிறது. அடுத்த பிறவியில் அதுவே கோச்செங்கட் சோழன். அந்தக் கதை சொன்னவர்கள் சிலந்தியை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். வலையைக் கலைத்த பிறகுதான் அங்கேயும் கடி.

அந்த வீடியோவைப் பிள்ளைகளுக்குக் காட்டாதீர்கள், தயவுசெய்து. வீட்டில் பெரிய சிலந்தி வந்தால் அகலமான டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, கீழே இருக்கும் செடிகளிடம் கொண்டுபோய் விடுங்கள். கையால் மட்டும் பிடிக்காதீர்கள், நசுங்குகிறோம் என்று நினைத்தால் எதுவும் கடிக்கும். எங்கள் புளோக்கில் யாருக்காவது பயமாக இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், ராத்திரியானாலும் நானே வந்து எடுத்துவிடுகிறேன்.